ஒயிட் மெட்டல் பைத்தியம்

ரயில் என்றால் உயிர் என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் நம்பரை நோட்டில் குறித்து வைப்பவர்கள், ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த ரக எஞ்சின் என்று சொல்பவர்கள், வந்தே பாரத் கடக்கும் நேரத்துக்கு மேம்பாலத்தில் கேமராவோடு காத்திருப்பவர்கள். எல்லோருக்கும் ஒரு கும்பிடு. ஆனாலும் என் பித்து அவர்கள் பித்தைவிட ஒரு படி ஒசத்தி என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ரயில் பாதைகள் உலகத்தில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட காலத்தில் அடித்து வெளியிட்ட நினைவுப் பதக்கங்கள்தான் என் பித்து. அதிலும் வெள்ளியில் அடித்தது வேண்டாம், தங்கம் வேண்டவே வேண்டாம். ஒயிட் மெட்டல் வேண்டும்.

இந்தப் பித்து பிடிக்க நான் குடியிருக்கும் பெங்களூர் காக்ஸ் டவுன் ஒன்றும் தப்பான இடமில்லை. ஈஸ்ட் ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்டுக்கு 1864 ஆகஸ்டில் திறந்த பாதை அது. சென்னைக்குப் போகிற ஷதாப்தி, லால்பாக், பிருந்தாவன், மெயில் எல்லாம் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். மதியம் பிருந்தாவன் திரும்பிப் போகும்போது எங்கள் ஷோகேஸ் கண்ணாடி லேசாக அதிரும். அந்த ஷோகேஸில்தான் பதக்கங்கள் இருக்கின்றன. ரயிலே வந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும் எனக்கு.

முதலில் என் ராஜாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1830 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்தில் லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில்வே திறக்கப்பட்டது. இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே, நேர அட்டவணை போட்டு, பயணிகளையும் சரக்கையும் நீராவி எஞ்சின் வைத்தே இழுத்த பாதை; இன்றைக்கு நமக்குத் தெரிந்த ரயிலின் தாய்வீடு. அதற்காக பர்மிங்ஹாமில் தாமஸ் ஹாலிடே என்ற அச்சு செதுக்குபவர் வெட்டிய பதக்கம் என்னிடம் ஒன்று இருக்கிறது. சாங்கி பள்ளத்தாக்குப் பாலத்தின் மேல் ரயில் போகிற காட்சி. (நம்ம பெங்களூர் சாங்கி கெரே ஏரிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, கேட்காத ஆளில்லை, அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.) ஒன்பது வளைவுகள் கொண்ட அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது, இன்றும் அதன் மேல் ரயில் ஓடுகிறது. கீழே கால்வாயில் பாய்மரத்தோடு படகுகள் போக வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு உயரம் தூக்கிக் கட்டினார்கள். மேலே புது யுகம், கீழே பழைய யுகம். ஒரு செதுக்குபவனுக்கு இதைவிடத் தோதான காட்சி வேறெங்கே கிடைக்கும்?

லென்ஸை வைத்துப் பாருங்கள், மனசு குதிக்கும். முதல் வகுப்புப் பெட்டி என்பது அந்த நாளில் மூன்று குதிரைவண்டிக் கூண்டுகளை ஒரே சட்டத்தில் வரிசையாக ஏற்றி வைத்ததுதான். ரயில் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது; தெரிந்ததெல்லாம் குதிரைவண்டி, அதனால் அதையே தூக்கித் தண்டவாளத்தில் வைத்தார்கள். அந்தத் தயக்கம், அந்த அவசரம் எல்லாம் காலணா அகலத்துக்குள் அப்படியே உறைந்து கிடக்கிறது. போட்டோவில் பார்க்கக் கூடாதா என்பார்கள். எங்கே இருந்தது போட்டோ? டாகேர் தன் முறையை உலகத்துக்கு அறிவித்ததே 1839இல். 1830இல் ஒரு சாதாரண மில் தொழிலாளி, "நான் அன்றைக்கு அங்கே நின்றேன், பார்த்தேன்" என்று பேரனிடம் காட்ட வேண்டுமென்றால் ஒரு படம் அச்சிட்ட காகிதம், ரயில் வரைந்த பீங்கான் ஜாடி, அல்லது இப்படி ஒரு பதக்கம், இவ்வளவுதான் வழி.

அதனால்தான் ஒயிட் மெட்டல் மேல் இத்தனை காதல். வெள்ளியும் வெண்கலமும் கம்பெனி டைரக்டர்களுக்கும் பிரபுக்களுக்கும். ஒயிட் மெட்டல் கூட்டத்துக்கு. பெரும்பங்கு வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி. புதிதில் பளபளவென்று வெள்ளி மாதிரியே மின்னும், விலை மட்டும் சில்லறைக் காசு. கும்பகோணத்து ஈயச்சொம்பு வைத்திருக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இந்த உலோகத்தை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ரசம் இருக்கிறவரை அடுப்பில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், வற்றிவிட்டால் சொம்பே உருகி ஓடிவிடும். அந்த மென்மைதான் பதக்கக்காரர்களுக்கு வரம். எஃகு அச்சில் காட்சியை இடவலம் மாற்றி, குழிவாகச் செதுக்கி, அந்த எஃகைச் சுட்டுக் கடினமாக்கி, ஸ்க்ரூ பிரஸ்ஸில் பொருத்தி அடிக்க வேண்டும். வெண்கலத்தில் ஒரு பெரிய பதக்கம் என்றால் ஓர் அடி, பிறகு காய்ச்சி ஆறவைப்பது, மறுபடி அடி, மறுபடி காய்ச்சுவது என்று இழுத்துக்கொண்டே போகும். வெள்ளீயக் கலவையோ ஓரிரு அடியில் எல்லா நுணுக்கத்தையும் வாங்கிக்கொள்ளும். காலையில் அடித்ததைச் சாயங்காலம் கூட்டத்தில் விற்றுவிடலாம்.

மென்மையானது என்பதால் சீக்கிரம் அடிபடும், உண்மைதான். விளிம்பில் நெளிசல் இல்லாத ஒயிட் மெட்டல் பதக்கம் கிடைப்பது அபூர்வம். என்னுடையதில் உச்சியில் ஓர் ஓட்டை வேறு. கேட்லாக் மொழியில் அது குறை, விலை பாதியாகிவிடும். எனக்கு அந்த ஓட்டைதான் உச்சம்! யாரோ ஓர் அப்பா ஆணியை வைத்து ஒரே தட்டாகத் தட்டி, ரிப்பன் கோத்து, குழந்தையின் கழுத்தில் மாட்டியிருக்கிறார். ஓட்டையின் பின்பக்கம் உலோகம் பிதுங்கி நிற்பதைக் கைவிரலால் தடவினாலே தெரியும். டைரக்டரின் வெல்வெட் பெட்டியில் தூங்கிய வெள்ளிப் பதக்கத்துக்கு இந்த வாழ்வு வாய்த்திருக்குமா?

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் முடியாது. பதக்கம் திறப்பு நாளுக்கு முன்னாலேயே தயாராகிவிடும். அன்றைக்கு நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. லிவர்பூலில் அன்று என்ன நடந்தது? பிரதமர் வெலிங்டன் பிரபு அலங்காரப் பெட்டியில் வந்தார், ஜார்ஜ் ஸ்டீபன்சனே நார்தம்பிரியன் எஞ்சினை ஓட்டினார். வழியில் பார்க்சைடில் தண்ணீர் பிடிக்க நின்றபோது லிவர்பூல் எம்.பி. வில்லியம் ஹஸ்கிசன் இறங்கி, பிரதமரிடம் கைகுலுக்கப் போன இடத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் ராக்கெட் எஞ்சின் வந்துவிட்டது. அன்றிரவே இறந்துபோனார். மான்செஸ்டரில் கூட்டம் பிரதமரைக் கல்லெறிந்து வரவேற்றது. உலகத்துச் செய்தித்தாள்கள் எல்லாம் அந்த மரணத்தை எழுதின. பதக்கமோ வெயிலில் பாலத்தின் மேல் ரயில் போகிறது என்று சிரித்துக்கொண்டே இருக்கிறது. நாள் ஒன்றுதான், இரண்டு நாளேடுகள். ஒன்று நடந்ததைச் சொல்கிறது. இன்னொன்று நடக்கும் என்று எல்லோரும் ஆசைப்பட்டதைச் சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

சில சமயம் பதக்கம்தான் கடைசிச் சாட்சியாகவும் மிஞ்சும். லண்டன்-பர்மிங்ஹாம் ரயில்வே 1838இல் திறந்தது. லண்டன் முனையில் யூஸ்டனில் பிலிப் ஹார்ட்விக் கட்டிய பிரம்மாண்டமான கிரேக்கபாணி வாசலை அந்தக் காலத்துப் பதக்கத்தில் பார்க்கலாம். அந்த வாசலை 1961-62இல், எதிர்ப்பையெல்லாம் மீறி, இடித்துத் தள்ளினார்கள். கல் போய்விட்டது, வெள்ளீயம் இருக்கிறது.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு கார்டு ஒருவர் இருக்கிறார். சரக்கு ரயில், பாசஞ்சர், மெயில் என்று எல்லாவற்றிலும் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்தவர். நான் அங்கிள் என்று கூப்பிடுவேன். ராஜாவை வாங்கி வந்த அன்று அவரிடம்தான் முதலில் ஓடினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பதக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. கார்டு எங்க?"

அந்தக் காலத்தில் கார்டு பெட்டியின் கூரை மேல் ஒரு சீட்டில் உட்கார்ந்து போவார், குதிரைவண்டியின் வழக்கம் அப்படியே வந்துவிட்டது என்றேன்.

"மழைல நனைஞ்சுக்கிட்டா? கரிப்புகை வேற மூஞ்சில அடிக்குமே! யூனியன் கீனியன் ஒண்ணும் இல்லையா அவங்களுக்கு?"

அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "டைரக்டர் பேரைப் போடுறான், எஞ்சினியர் மூஞ்சியைப் போடுறான், கார்டை எவனும் போட மாட்டான்," என்று பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பதில் கிடைத்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஐரோப்பாக் கண்டத்துப் பக்கம் போனால் ருசியே வேறு. இங்கிலீஷ்காரன் பாலத்தையும் ஸ்டேஷனையும் உள்ளது உள்ளபடி செதுக்குவான். அவர்களுக்கோ தேவதைகள் வேண்டும். ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பர்க்கிலிருந்து ஃபூர்த்துக்கு ஓடியது. எஞ்சின் பெயர் ஆட்லர், கழுகு என்று அர்த்தம்; ஸ்டீபன்சன் தொழிற்சாலையில் செய்து, பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். ஓட்டுவதற்கு வில்லியம் வில்சன் என்ற ஆளையும் இங்கிலாந்திலிருந்தே அனுப்பினார்கள். நெட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு எஞ்சின் ஓட்டிய அந்த மனிதர் அந்த ஊரில் நட்சத்திரமாகிவிட்டார். அடுத்த வருஷம் அதே பாதையில் ஏற்றிய முதல் சரக்கு இரண்டு பீப்பாய் பீர். அந்தத் திறப்புக்காக பவேரிய அரசர் முதலாம் லுட்விக் வெறும் பதக்கம் போதாதென்று நாணயமே அடித்துவிட்டார். செதுக்கியவர் கார்ல் ஃப்ரீட்ரிஷ் வோய்க்ட். முன்பக்கம் அரசர் தலை, பின்பக்கம் சிறகு முளைத்த சக்கரத்தோடு ஒரு பெண். எஞ்சினும் இல்லை, தண்டவாளமும் இல்லை! வேகம் என்பதைப் புகை இல்லாமல், இரும்பு இல்லாமல், ஒரே ஒரு சிறகுச் சக்கரத்தில் சொல்லிவிட்டார். அந்தச் சிறகுச் சக்கரம் பிறகு எத்தனையோ நாட்டு ரயில்வேக்களின் தொப்பிச் சின்னமாகப் பறந்தது. முகமெல்லாம் எனக்கு ஆசை வழிகிறது, தெரிகிறதா? இது இன்னும் என் கையில் இல்லை.

பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி எனக்குக் கலப்பான அபிப்பிராயம். 1842 ஜூன் 11 அன்று பிரான்ஸ் முழுமைக்கும் ரயில் பாதை போடச் சட்டம் இயற்றினார்கள். அந்தத் திட்டத்துக்குத் தண்டவாளமே போடவில்லை, அதற்குள் சட்டத்துக்கே ஒரு பதக்கம். ஆந்துவான் போவி செதுக்கியது, உள்ளங்கையையே மூடிவிடும் அளவு, தோசைக்கல் மாதிரி கனம். எடுத்துப் பார்த்தால் மலைப்பு வரும். மகிழ்ச்சி வருமா என்று கேட்டால் தயங்குவேன். ஆனால் அதன் விளிம்பு ஒரு பாடப்புத்தகம். பாரிஸ் நாணயச்சாலை தன் பதக்கங்களின் விளிம்பில் காலத்துக்கு ஒரு குட்டி முத்திரை குத்தும்: 1842 முதல் 1845 வரை கப்பலின் மூக்கு, பிறகு 1860 வரை சுட்டும் கை, அப்புறம் தேனீ, 1880க்குப் பிறகு வளக்கொம்பு. முன்பக்கம் 1842 என்று எழுதியிருந்தாலும் விளிம்பில் வளக்கொம்பு இருந்தால் அது 1880க்குப் பின் பழைய அச்சில் மறுபடி அடித்தது. என்னிடம் இருப்பது வளக்கொம்புதான். தெரிந்தேதான் வாங்கினேன், கப்பல் மூக்குக்கு என் சம்பளம் எட்டாது.

அந்தப் பதக்கத்தில் ஒரு லத்தீன் வாசகம் உண்டு. ரயில் பாதைகள் போர்க் கடவுளுக்கு இதுவரை அறியாத சிறகுகளையும், வணிகக் கடவுளுக்குப் புதிய சிறகுகளையும் தருகின்றன என்பது அதன் சாரம். கவனியுங்கள், போர்தான் முதலில். அதைப் படித்தபோது எனக்கு ஈஸ்ட் ஸ்டேஷன்தான் ஞாபகம் வந்தது. டல்ஹௌசி பிரபு 1853இல் இந்தியாவுக்கு ஏன் ரயில் வேண்டும் என்று எழுதிய நீண்ட குறிப்பிலும் இதே இரண்டு காரணங்கள்தான்: படைகளை வேகமாக நகர்த்தலாம், பருத்தியையும் மற்ற சரக்கையும் துறைமுகத்துக்குக் கொண்டுவரலாம். மதராஸ் ரயில்வே 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கியது. பெட்டிகளைச் செய்தது மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி. அடுத்த எட்டே வருஷத்தில் மதராஸிலிருந்து மேட்டு நிலம் ஏறி, பெங்களூருக்கே ரயில் வந்துவிட்டது. வந்து நின்ற இடம் எது? பழைய ஊரான பேட்டை இல்லை, கன்டோன்மென்ட்! சிப்பாய்கள் இருந்த இடம். பேட்டைப் பக்கத்திலிருந்து மைசூருக்கு ரயில் ஓட 1882 ஆயிற்று, அதுவும் பெரும்பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக மண் வெட்டத் தொடங்கிய பாதை. போவி பாரிஸில் உட்கார்ந்து செதுக்கிய வாசகத்துக்கு எங்கள் காக்ஸ் டவுன் பாதையைவிட நேரான உரை கிடையாது. பிடிக்காத பதக்கம் அன்று முதல் பிடித்துப்போயிற்று.

எங்கள் பாதைக்கு ஒரு பதக்கம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நோட்டில் வரைந்தே பார்த்துவிட்டேன். முன்பக்கம் குப்பம் தாண்டி வரும் ஏற்றம், கரும்பாறைகள், மூச்சு வாங்கி ஏறும் எஞ்சின். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற வேண்டும். அந்தச் சரிவை நேர்கோட்டில் காட்டினால் பாவம். பின்பக்கம் டைரக்டர் பெயர் எதுவும் கிடையாது. தலையில் மண்கூடை சுமந்த பெண்களின் வரிசை, அவ்வளவுதான். கீழே 1864. உலோகம்? அதையும் கேட்க வேண்டுமா!

இப்போது அங்கிளின் குறைக்கு வருகிறேன். இந்திய ரயில்வேயின் 150ஆம் ஆண்டைக் கொண்டாட ஒரு சின்னம் வேண்டும் என்று தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஒரு குட்டி யானையை வரைந்தது. பெயர் போலு. நீலச் சீருடை, கையில் பச்சை விளக்கு. 2002 ஏப்ரல் 16 அன்று, பம்பாயில் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 1853இல் முதல் பயணிகள் ரயில் ஓடிய அதே தேதியில், போலு முதன்முதலாக உலகத்துக்குத் தலைகாட்டியது எங்கே தெரியுமா? நம்ம பெங்களூரில்! சிட்டி ஸ்டேஷன் முதல் பிளாட்பாரத்தில் கர்நாடகா எக்ஸ்பிரஸுக்குப் பச்சை விளக்கு காட்டி வழியனுப்பியது. அடுத்த ஆண்டு, 2003இல், போலுவின் உருவத்தோடு இரண்டு ரூபாய் நாணயமும் வந்தது. பதினோரு பட்டை, செம்பு-நிக்கல், ஆறு கிராம். சேகரிப்பாளர்களுக்கு நூறு ரூபாய் வெள்ளி நாணயமும் உண்டு. என் கொள்கை உங்களுக்குத் தெரியும், அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு ரூபாய்தான் அசல் ஒயிட் மெட்டல் வாரிசு. கொத்துமல்லி வாங்கினால் மீதிச் சில்லறையில் வந்தது, பஸ் கண்டக்டர் கொடுத்தது, யாரும் உற்றுப் பார்க்காமலே பூக்காரம்மாவின் சுருக்குப்பைக்குள் போனது.

அந்தக் காசைக் கொண்டுபோய் அங்கிளின் கையில் வைத்தேன்.

"இது யானைக் காசு. எனக்குத் தெரியுமே."

"யானை என்ன வேலை பாக்குதுன்னு பாருங்க அங்கிள்."

திருப்பினார், வெளிச்சத்தில் சாய்த்தார். பச்சை விளக்கைப் பார்த்துவிட்டார். "அட, கார்டு!" என்று அவர் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து ஆன்ட்டி கரண்டியோடு ஓடிவந்தார். ஐரோப்பா முழுக்க அரசர், டைரக்டர், எஞ்சினியர், தேவதை என்று அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ரயிலின் கடைசிப் பெட்டி ஆளை நாணயத்தில் ஏற்றிய பெருமை நமக்கு. இதை நான் சொல்லவில்லை, அங்கிள்தான் அன்று மாலை மார்க்கெட் வரைக்கும் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

இந்தப் பித்தில் நுழைய நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. எதையும் தேய்க்காதீர்கள். சபீனா, புளி, பல்பொடி எதுவும் வேண்டாம். ஒயிட் மெட்டலின் மேல் பழைய பளபளப்பு ஒருமுறை போனால் போனதுதான். சுத்தமான வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே மெல்ல மெல்லச் சாம்பல் பொடியாக மாறத் தொடங்கும் என்பார்கள். பதக்கக் கலவையில் ஆன்டிமனி இருப்பதால் அந்த நோய் அண்டாது, நம்ம ஊர் ஜனவரிக்குப் பயப்பட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் உறையில் மட்டும் போட்டு மூடாதீர்கள். அடுத்தது படிப்பு. ஒகுஸ்த் மொயோ என்ற பெல்ஜிய எஞ்சினியர் 1905இல் ரயில் பதக்கங்களுக்கென்றே பெரிய கேட்லாக் போட்டார். இன்றும் ஏலக்காரர்கள் அவர் கொடுத்த எண்ணைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். இந்தியப் பக்கத்துக்கு ராபர்ட் பட்டஸ்டர் தொகுத்த பிரிட்டிஷ் இந்தியப் பதக்க நூல் இருக்கிறது. இரண்டையும் புரட்டினால் தூக்கம் போகும், கையிருப்பும் போகும்.

நியூரம்பர்க் நாணயம் ஒன்று அடுத்த மாதம் ஏலத்துக்கு வருகிறது. விளிம்பில் சின்னதாக ஒரு அடி, மற்றபடி சிறகின் ஒவ்வொரு இறகும் தெரிகிறது. ஆமாம், அது வெள்ளிதான். கொள்கைக்கு ஒரு விதிவிலக்கு கூடாதா? எவ்வளவு வரைக்கும் கேட்பேன் என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, அங்கிளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். ஏலத்தன்று பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தத் தொகையைத் தாண்டினால் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிவிடுவதாகச் சத்தியம் பண்ணியிருக்கிறார். "கார்டு கையில பச்சை மட்டும் இல்லம்மா, சிவப்பும் இருக்கும்" என்கிறார்.